பாஸ் தூண்டிலுக்காக ஏரியை மாற்றுவதா?



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள். தூண்டிலே பிடிக்காதவர்களும் படிக்கலாம், ஏனென்றால் விஷயம் தூண்டிலோடு நிற்கவில்லை.

போன வாரம் நம் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் நடந்ததைப் பலரும் பார்த்திருப்பீர்கள். டெக்சாஸில் வேலை பார்க்கும் நம் மாணவன் ஒருவன், பெரிய வாய் உள்ள ஒரு பச்சை மீனைக் கையில் தூக்கிப் பிடித்தபடி படம் போட்டான். லார்ஜ்மவுத் பாஸ். அமெரிக்காவில் பொழுதுபோக்காகத் தூண்டில் போடுகிறவர்களுக்கு அதுதான் கதாநாயகன். படத்தைப் பார்த்ததும், மேல்மலையில் தங்கும் விடுதி நடத்தும் இன்னொருவன் கேட்டான்: "சார், இந்த மீன் குஞ்சை வரவழைச்சு நம்ம குட்டையில விட்டா என்ன? கெண்டை பிடிக்க எவன் சார் காசு குடுத்து வருவான்? பாஸுன்னா பெங்களூர்லேர்ந்தே வண்டி கட்டிக்கிட்டு வருவான்."

உடனே ஆளாளுக்குக் கைதட்டல் படம் போட்டீர்கள். நான் அன்று ஒன்றும் சொல்லவில்லை. குழுவில் எழுதினால் குட் மார்னிங் பூக்களுக்கு அடியில் புதைந்து போகும். அதனால் இங்கே எழுதுகிறேன். என் பதில்: வேண்டாம் தம்பி. ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன். வகுப்பில் "சும்மா இரு" என்று மட்டும் சொல்லி உட்கார வைக்கும் பழக்கம் எனக்கு இருந்ததில்லை.

முதலில் சாமான்களைப் பற்றிப் பேசிவிடுவோம். ஆசை ஆரம்பிக்கிற இடமே அதுதான்.

டெக்சாஸ்காரன் இரண்டு வருடத்துக்கு முன் ஊருக்கு வந்தபோது எனக்கு ஒரு பாஸ் தூண்டில் செட் கொண்டுவந்து கொடுத்தான். குருதட்சணை என்று சொன்னான். கார்பன் ராட், ஆறரை அடி, விறைப்பு. மேலே உட்காரும் உருளை ரீல், அதை பெய்ட்காஸ்டர் என்கிறார்கள். பின்னல் நூல், கையால் இழுத்தால் கை அறுபடுமே தவிர நூல் அறுபடாது. ஒரு பெட்டி நிறைய ரப்பர் புழு, ரப்பர் தவளை, சுழலும் தகடு. எங்கள் வீட்டில் அதைப் பார்த்துவிட்டு, "பேத்திக்கு விளையாட்டுச் சாமானா?" என்று கேட்டாள். அந்த உருளை ரீலைக் கட்டைவிரலால் சரியாக அடக்காவிட்டால் நூல் குருவிக்கூடு மாதிரி சிக்கிக்கொள்ளும். முதல் நாள் திண்ணையில் உட்கார்ந்து சிக்கெடுத்ததிலேயே ஒரு சாயங்காலம் போனது.

நல்ல சாமான்தான், குறை சொல்லவே மாட்டேன். ஆனால் அந்த ராட் ஏன் அவ்வளவு விறைப்பு, அந்த நூல் ஏன் அவ்வளவு பலம் என்று யோசித்துப் பாருங்கள். பாஸ் வேட்டையாடும் மீன். பாசிக்குள்ளும் விழுந்த மரத்தடியிலும் பதுங்கியிருந்து, அசைகிற எதையும் பாய்ந்து கவ்வும். அதன் தாடையில் முள் ஏற வேண்டுமானால் ஓங்கி இழுக்க வேண்டும். ஏறிய பிறகு, அது பாசிக்குள் புகுந்து சிக்கவைக்கும் முன் வலுக்கட்டாயமாக வெளியே கொண்டுவர வேண்டும். அதற்கென்றே செய்த சாமான் அது.

நம் கொடைக்கானல் ஏரியில் நான் பிடிப்பது கண்ணாடிக் கெண்டையும் சாதாக் கெண்டையும். அது வேறு ஜாதி. அடியில் மேயும். தாடையில் பல்லே கிடையாது, தொண்டைக்குள்தான் இருக்கிறது. இரையை உறிஞ்சிப் பார்க்கும், சந்தேகம் வந்தால் துப்பிவிடும், மறுபடி உறிஞ்சும். மென்மையான உதடு. பாஸ் ராடால் ஓங்கி இழுத்தால் உதடு கிழிந்து மீன் போய்விடும், பாவம் மட்டும் நம் கணக்கில். ரப்பர் தவளையை அது ஏறெடுத்தும் பார்க்காது.

இதற்கு நான் வைத்திருப்பது ஏழடி நீளத்தில் வளைந்து கொடுக்கிற ஒரு சாதா ராட், சின்ன ரீல், மெல்லிய தங்கூஸ் நரம்பு, எட்டாம் நம்பர் முள். தக்கைக்குப் பழைய ரப்பர் செருப்பில் வெட்டிய துண்டு. சிரிக்காதீர்கள், கடையில் விற்கும் வண்ணத் தக்கையைவிட அது நன்றாக மிதக்கிறது. இரைக்குக் கோதுமை மாவோடு கொஞ்சம் பொட்டுக்கடலை மாவும் வெல்லமும் சேர்த்து, சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாகப் பிசைய வேண்டும். தக்கை ஒரு துடி துடிக்கும், இன்னொரு துடி துடிக்கும். அப்போது கையை வைக்கக் கூடாது. மெல்லச் சாய்ந்து ஒரு பக்கமாக நகர ஆரம்பிக்கும்போது, மணிக்கட்டை மட்டும் தூக்கினால் போதும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முதல் துடிப்பிலேயே இழுத்துவிடுவார்கள். பாதிக் கேள்வி கேட்கும்போதே கை தூக்குவீர்களே, அதே அவசரம்.

இங்கே நேரமும் முக்கியம். அதிகாலையில் போனால்தான் மீன் என்று கீழ்நாட்டில் சொல்வது மார்கழி, தை மாதக் கொடைக்கானலுக்குப் பொருந்தாது. தண்ணீர் சில்லிட்டுக் கிடக்கும்போது கெண்டை அசையாது. காலையில் ரேஷன் கடை, பேங்க் வேலை எல்லாம் முடித்து, சாப்பிட்டுவிட்டு, வெயில் ஏறி ஓரத் தண்ணீர் கொஞ்சம் சூடானதும் ஒரு மணிக்குப் போய் உட்காருவேன். மூடுபனி இறங்கியதும் கிளம்பிவிடுவேன். மே மாதத்தில் ஏரிப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. 2024-ல் இ-பாஸ் வந்த பிறகும் அந்த மாதத்தில் எனக்கு உட்கார இடம் இருப்பதில்லை. மற்ற நாளில் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் நின்று, "எத்தனை கிலோ சார்?" என்று கேட்பார்கள். வாளியில் ஒன்றும் இருக்காது. ஓய்வு பெற்றவனுக்கு அந்தக் கேள்வியே பேச்சுத் துணை.

இவ்வளவும் சொல்வதற்குக் காரணம், தூண்டில் சாமான் என்பது ஒரு மீனின் வாய், ஒரு தண்ணீரின் குணம், இவற்றைப் பார்த்துச் செய்தது. மீனைப் பார்த்துச் சாமான் வாங்க வேண்டும். இப்போது தலைகீழாகிவிட்டது. யூடியூபில் சாமானைப் பார்க்கிறோம், வாங்குகிறோம், பிறகு அதற்கு மீன் இல்லையே என்று ஏங்குகிறோம். கடைசியில் மீனையே இறக்குமதி செய்யலாமா என்கிறோம்.

விடுதி நடத்தும் தம்பியின் கஷ்டம் எனக்குத் தெரியும். கடன் வாங்கிக் கட்டியிருக்கிறான். சீசன் இல்லாத மாதத்தில் நாலு அறையும் காலி. புதிதாக ஏதாவது காட்ட வேண்டும் என்று அவன் நினைப்பதில் தப்பே இல்லை. ஆனால் இதே நினைப்பில் இதே மீனை விட்ட ஊர்கள் இருக்கின்றன. அங்கே என்ன ஆனது என்று பாருங்கள்.

மத்திய அமெரிக்காவில் குவாதமாலா என்று ஒரு நாடு. அங்கே மலைகளுக்கு நடுவே அட்டிட்லான் ஏரி. 1958-ல் தூண்டில் சுற்றுலாவுக்காக அதில் பாஸ் விட்டார்கள். அந்த ஏரியில் மட்டுமே வாழ்ந்த ஒரு முக்குளிப்பான் பறவை இருந்தது, நம் கண்மாய்களில் தலையை மூழ்கி எழுகிறதே, அதற்குப் பெரியப்பா முறை. பாஸ் அங்கிருந்த சிறுமீனையும் நண்டையும் தின்றது, பறவையின் குஞ்சுகளையும் தின்றது. கோரை வெட்டு, நிலநடுக்கம் என்று வேறு காரணங்களும் சேர்ந்துகொண்டன. இன்று அந்தப் பறவை உலகத்தில் எங்குமே இல்லை.

ஜப்பானில் 1925-ல் ஆஷி ஏரியில் விட்டார்கள். ஒரே ஒரு ஏரிதான் என்றுதான் ஆரம்பித்தார்கள். இன்று நாடு முழுக்கப் பரவிவிட்டது. உலகத்திலேயே பெரிய பாஸ் 1932-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பிடிபட்டது, பத்துக் கிலோவுக்குச் சற்றுக் கூட. அதற்குச் சமமானது 2009-ல் எங்கே பிடிபட்டது தெரியுமா? ஜப்பானின் பிவா ஏரியில். தூண்டில்காரனுக்கு அது சாதனை. அந்த ஏரியையே நம்பிப் பரம்பரையாக வலை வீசும் மீனவனுக்கு அது வயிற்றெரிச்சல். பிவா ஏரியில் பாஸ் பிடித்தால் திரும்பத் தண்ணீரில் விடக் கூடாது என்றே அந்த மாகாணத்தில் விதி போட்டார்கள். 2005-ல் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது, உயிரோடு எடுத்துப் போவதே குற்றம்.

அமெரிக்காக்காரர்கள் தங்கள் தண்ணீரில் அந்நிய மீனைக் கண்டால் என்ன செய்கிறார்கள் என்பதையும் சொல்கிறேன். 2002-ல் மேரிலாந்து மாநிலத்தில் கிராஃப்டன் என்ற ஊரில் ஒரு குட்டையில் சீனாவிலிருந்து வந்த விரால் ஜாதி மீன் கிடைத்தது. நம் விராலுக்குச் சித்தப்பா மகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாமாக இருந்தால் குழம்பு வைத்திருப்போம். அவர்கள் குட்டை முழுக்க மீன் கொல்லி மருந்து ஊற்றி அத்தனையையும் சாகடித்தார்கள். அதற்குப் பிறகும் இரண்டே வருடத்தில் பக்கத்திலுள்ள பொட்டோமாக் ஆற்றில் அந்த ஜாதி தலை காட்டியது. இன்றும் அங்கே இருக்கிறது.

"அதெல்லாம் வெளிநாடு சார்" என்பீர்கள். காவிரிக்கு வருவோம். மாசீர் என்ற ஆற்று மீனைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சென்னை மாகாண அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-ல் தூண்டில் பற்றி ஒரு புத்தகமே எழுதினார், 'தி ராட் இன் இந்தியா' என்று பெயர். வெள்ளைக்காரத் தூண்டில்காரர்கள் காவிரியைத் தேடி வர அந்த மீன்தான் காரணம். 1946-ல் கபினியில் பிடிபட்டது 120 பவுண்டு. காவிரிக்கே உரிய அந்தத் திமில் மாசீர் வேறு எங்கும் கிடையாது. மீன் குறைகிறதே என்ற நல்லெண்ணத்தில், லோனாவாலா பண்ணையில் பெருக்கிய நீலத்துடுப்பு மாசீர் குஞ்சுகளைக் காவிரியில் விட்டார்கள். கெட்ட மீன் இல்லை, வெளிநாட்டு மீன் இல்லை, பக்கத்து ஆற்று மீன்தான். அது பெருகியது, திமில் மாசீர் மறைந்துகொண்டே போனது. 2018-ல் அதற்குச் சரியான அறிவியல் பெயர் இன்னது என்று உறுதி செய்த கையோடு, அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களின் பட்டியலிலும் சேர்த்தார்கள். அந்தப் பெயர் ஏற்கனவே எந்த மீனுக்குச் சூட்டப்பட்டிருந்தது தெரியுமா? நம் மலைக்கு மேற்கே சின்னாறு காட்டில் ஓடுகிற பாம்பாற்று மீனுக்கு. இரண்டும் ஒன்றுதான் என்று அப்போதுதான் தெரிந்தது. அந்தப் பாம்பாறுதான் கீழே வந்து நம் அமராவதி அணைக்குத் தண்ணீர் கொடுக்கிறது.

இந்த மாற்றம் நடக்கிறது என்று எப்படித் தெரிந்தது? இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. கலிபோரே என்ற தூண்டில் முகாமில் 1998 முதல் 2012 வரை, தூண்டில் போட வந்தவர்கள் எத்தனை மணி நேரம் போட்டார்கள், எந்த மீன், எவ்வளவு எடை என்று நோட்டில் எழுதி வைத்திருந்தார்கள். ஆராய்ச்சியாளர்கள் அந்த நோட்டுகளை வைத்துத்தான் கணக்குப் போட்டார்கள். பொழுதுபோக்குக்கு வந்தவன் எழுதிய நோட்டு! நானும் பதினோரு வருடமாக இரண்டு குயர் நோட்டில் எழுதி வருகிறேன்: தேதி, நேரம், வெயில், இரை, கிடைத்தது, கிடைக்காதது. பெரும்பாலும் "இல்லை" என்றுதான் இருக்கும். அதையும் எழுத வேண்டும். சாமான் பட்டியலில் நோட்டையும் பென்சிலையும் நான் ரீலுக்கு முன்னால் வைப்பேன்.

குழுவில் ஒரு பெண் புத்திசாலித்தனமாக ஒரு கேள்வி கேட்டிருந்தாள், அந்தக் காலத்திலேயே கேள்வியால் என்னை மடக்குகிறவள். "சார், நீங்க பிடிக்கிற கண்ணாடிக் கெண்டையும் வந்தேறிதானே? ஏரியே வெள்ளைக்காரன் வெட்டினதுதானே?"

உண்மைதான். மதுரை கலெக்டர் லெவிஞ்ச் 1863-ல் ஓடையை மறித்துக் கட்டியது இந்த அறுபது ஏக்கர் ஏரி. கண்ணாடிக் கெண்டை 1939-ல் இலங்கையிலிருந்து ஊட்டி ஏரிக்கு வந்தது, மலை ஏரிகளில் அதன் கதை அங்கே தொடங்குகிறது. ஜிலேபி 1952-ல் இந்தியாவுக்கு வந்தது, இன்று அது இல்லாத கண்மாய் அபூர்வம். அடியைக் கிளறித் தண்ணீரைக் கலக்குகிற குணம் கெண்டைக்கும் உண்டு, அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. வந்துவிட்டதைத் திருப்பி அனுப்ப முடியாது என்பதுதான் அதிலிருந்து நான் படிக்கிற பாடம். வீட்டில் ஒரு பக்கம் ஒழுகுகிறது என்பதற்காக மறுபக்கமும் ஓட்டைப் பிரிப்பதில்லை. அதோடு, கெண்டை புழு பூச்சி, பாசி, மாவு தின்கிற மீன். பாஸ் மீனையும் தவளையையும் தின்கிற மீன். நம் சோலை ஓடைகளில் விரல் நீளத்துக்கு மேல் வளராத மீன்களும் தவளைகளும்தான் இருக்கின்றன. அவற்றுக்கு அப்படி ஒரு வாயிடமிருந்து தப்பித்துப் பழக்கமே இல்லை.

"என் குட்டையில்தானே சார் விடப்போறேன், வேலி போட்டிருக்கேன்" என்கிறான். தம்பி, வேலி உன் மாட்டுக்கு. தண்ணீருக்கு யார் வேலி போட்டது? நம் ஏரி நிரம்பினால் வெள்ளி நீர்வீழ்ச்சியில் விழுந்து மலை இறங்குகிறது. பேரிஜம் தண்ணீர் பெரியகுளத்துக்காரன் குடிக்கிறான். ஐப்பசி, கார்த்திகை மழையில் உன் குட்டை எத்தனை முறை உடைந்தது என்று நீயே சொல்லியிருக்கிறாய். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரளாவில் பண்ணைக் குளங்களும் தொட்டிகளும் நிரம்பி வழிந்து, அமேசான் ஆற்று அரபைமா மீன் அவர்கள் ஆற்றில் வலையில் விழுந்தது. அதே வருடம் நவம்பரில் கஜா புயல் நம் மலையை என்ன பாடு படுத்தியது என்று நான் சொல்லத் தேவையில்லை. தவிர, வெளிநாட்டு மீனை மத்திய அரசின் அனுமதி இல்லாமல் கொண்டுவர முடியாது. திருட்டுத்தனமாக ஆக்சிஜன் பையில் வாங்கிவரும் வழி இருக்கிறது என்று குழுவில் யாரோ சொன்னதையும் படித்தேன். யார் என்று தெரியும். தனியாகப் பேசிக்கொள்கிறேன்.

சரி, அந்த டெக்சாஸ் ராடை என்ன செய்தேன்? பரணில் போடவில்லை. கீழே என் மச்சான் ஊர்க் கண்மாய்க்கு எடுத்துப் போகிறேன். அங்கே விரால் இருக்கிறது. ஆகாயத்தாமரைக்கு அடியில் பதுங்கி, தவளை தாவினால் பாய்ந்து கவ்வும். அந்தக் காலத்தில் உயிர்த் தவளையை முள்ளில் கோத்துத்தான் விரால் பிடித்தார்கள். ரப்பர் தவளையை இலை மேல் போட்டு மெல்லத் துள்ள விட்டால், தண்ணீர் வெடித்தது போல ஒரு சத்தம்! விறைப்பு ராடும் பின்னல் நூலும் அப்போதுதான் தன் வேலையைக் காட்டும். பாஸுக்கென்று செய்த சாமான் விராலுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. இது நம் தண்ணீரிலேயே பிறந்த மீன். சிவப்பாகக் குஞ்சுக் கூட்டம் மிதந்தால் மட்டும் அந்தப் பக்கம் போடாதீர்கள். அடியில் தாயும் தகப்பனும் காவல் இருக்கும், அவற்றைப் பிடித்தால் அத்தனை குஞ்சும் போச்சு.

விடுதித் தம்பிக்கு என் யோசனை. உன் குட்டையில் ஏற்கனவே கெண்டை இருக்கிறது. பத்து மூங்கில் தூண்டில் செய்து வை. ஆளுக்கு ஒரு உருண்டை மாவு, ஒரு தாள், ஒரு பென்சில் கொடு. நகரத்துப் பிள்ளை ஒரு மணி நேரம் போனைப் பார்க்காமல் தக்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால், அப்பா அம்மா அடுத்த முறையும் உன்னிடம்தான் வருவார்கள். ஈயக்குண்டு வேண்டாம், சின்ன இரும்பு நட்டு போதும். பறவைகள் ஈயத்தை விழுங்கிச் செத்ததால் இங்கிலாந்தில் 1987-லேயே சின்ன ஈயக்குண்டுகளின் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். அறுந்த நரம்பை ஒரு டப்பாவில் வாங்கி வைத்துக்கொள், கரையில் விட்டால் கொக்கின் காலைச் சுற்றும். பாஸ் ராடோடு வருகிறவனிடம், கீழே இறங்கி விரால் பிடித்துவிட்டு ராத்திரி தங்க வா என்று சொல். வழிகாட்ட நம் பையன்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் நாலு காசு.

உங்கள் ஊரில் தூண்டில் போடுகிறவர்கள் மீன்வளத் துறையில் கேட்டுக்கொண்டு போடுங்கள். பேரிஜம் பக்கம் தூண்டிலோடு போக நினைக்காதீர்கள், வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே நுழையவே முடியாது.

எதிர்க் கருத்து இருப்பவர்கள் கீழே தாராளமாக எழுதுங்கள், சார் கோபித்துக்கொள்வாரோ என்று யோசிக்க வேண்டாம். பொங்கலுக்கு ஊருக்கு வருகிறவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள், அனுமதிக்கு நான் எழுதி வாங்கி வைக்கிறேன். மதியம் ஒரு மணிக்கு ஏரிக்கரை. மாவு நான் பிசைந்து கொண்டுவருகிறேன், குடையும் ஸ்வெட்டரும் அவரவர் பொறுப்பு.